காமிக் கான் கைமாறினால் நமக்கு என்ன மாறும்?

கேமிங் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். "அந்த விழாவையே வித்துட்டாங்களாம்", "யாரோ வெளிநாட்டுக்காரன் வாங்கப் போறானாம்". தேதி அறிவிப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனாலே போதும், இல்லையென்றால் போஸ்டரில் பழைய ஸ்பான்சர் லோகோ காணாமல் போனாலும் போதும். ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிடுவார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை உண்டு. நமக்குக் கிட்டத்தில் நடக்கும் பெரிய விழா பெங்களூர் காமிக் கான். பல வருஷம் ஒயிட்ஃபீல்டு கேடிபிஓ அரங்கில் நடந்திருக்கிறது. அத்திப்பள்ளி, சர்ஜாபூர் வழியாகப் போனால் ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவுதான். சென்னை நந்தம்பாக்கம் என்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வருகிற ஒருவருக்கு, பெங்களூரில் விழா நடக்கிறதா, டிக்கெட் என்ன விலை, கேமிங் அரங்குக்குத் தனிக் கட்டணமா என்பதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. யார் கையில் விழா இருக்கிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் "யார் வாங்கினாங்க?" என்று கேட்பதற்கு முன்னால் "என்ன வாங்கினாங்க?" என்று கேட்க வேண்டும். கைமாறுவது என்ற ஒரே வார்த்தைக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. எது நடந்தது என்று தெரிந்தால்தான் நமக்கு என்ன மாறும் என்று ஓரளவாவது சொல்ல முடியும்.

நடந்த கதை

காமிக் கான் இந்தியாவை ஆரம்பித்தவர் ஜத்தின் வர்மா. முதல் விழா 2011 பிப்ரவரியில், தில்லியின் தில்லி ஹாட்டில் நடந்தது. அடுத்த ஆண்டு பெங்களூருக்கு வந்தது. அமெரிக்காவின் சான் டியாகோ காமிக் கானுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர உரிமைத் தொடர்பு கிடையாது. நியூயார்க் காமிக் கான் நடத்தும் ரீட்பாப் நிறுவனம் சில காலம் இதில் கூட்டாளியாக இருந்தது.

2024 ஜனவரியில் நாட்வின் கேமிங் என்ற இந்திய இ-ஸ்போர்ட்ஸ் நிறுவனம் காமிக் கான் இந்தியாவை முழுதாக வாங்குவதாக அறிவித்தது. மதிப்பு 55 கோடி ரூபாய். ஒரு பகுதி பணமாகவும் மீதி நாட்வினின் பங்குகளாகவும் தருவது ஏற்பாடு. நாட்வினுக்கு மேலே அப்போது இருந்தது நசாரா டெக்னாலஜிஸ். 2018-ல் நாட்வினின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது அதுதான். 2021 மார்ச்சில் நசாரா பங்குச் சந்தைக்கு வந்தது.

அதாவது பெங்களூர் காமிக் கானுக்கு டிக்கெட் எடுக்கிற ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ, மூன்று அடுக்குள்ள ஒரு கட்டடத்தின் தரைத்தளத்துக்குள் நுழைகிறார். மேல் தளத்தில் வாடகைக்காரர் மாறினால் கீழே சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

மூன்று வகை, மூன்று தொழிற்சாலை

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்க்காரர்கள் வெளியே எங்கும் தேட வேண்டாம். இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றியே மூன்றுக்கும் உதாரணம் இருக்கிறது.

முதல் வகை, பங்கு கைமாறுவது. அசோக் லேலண்ட் ஓசூர் ஆலை 1980-ல் தொடங்கியது. 1987-ல் பிரிட்டிஷ் லேலண்ட் தரப்பிடம் இருந்த பங்கை இந்துஜா குழுமம் இத்தாலியின் இவெகோவுடன் சேர்ந்து வாங்கியது. 2007-ல் இவெகோ பக்கத்தையும் இந்துஜாவே எடுத்துக்கொண்டது. இரண்டு தடவை மேலே ஆள் மாறியிருக்கிறது. கேட்டில் இருக்கும் பெயர்ப்பலகை மாறவில்லை. கம்பெனி அதே கம்பெனி; அதன் ஒப்பந்தங்கள், கடன்கள், ஆட்கள் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. காமிக் கான் இந்தியா விஷயத்தில் 2024-ல் நடந்தது இந்த வகை.

இரண்டாவது வகை, பெயரைப் பயன்படுத்தும் உரிமம் முடிவது. டிவிஎஸ் ஆலையில் எண்பதுகளில் இண்ட்-சுசுகி வண்டிகள் வந்தன, பிறகு டிவிஎஸ்-சுசுகி ஆனது. 2001-ல் இரண்டு பேரும் பிரிந்தார்கள். கம்பெனி டிவிஎஸ் மோட்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆலையும் ஆட்களும் ஓசூரிலேயே இருந்தார்கள். போனது சுசுகி என்ற பெயரும் அதன் தொழில்நுட்பமும். அதே வருஷம் சொந்த வடிவமைப்பில் விக்டர் வந்தது. சுசுகி சில வருஷம் கழித்து வடக்கே தனியாக ஆலை போட்டுத் திரும்பி வந்தது.

கேமிங் விழாக்களில் இந்த வகைக்கு உதாரணம் ட்ரீம்ஹேக் இந்தியா. ட்ரீம்ஹேக் 1994-ல் சுவீடனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி நண்பர்கள் கூடியதில் ஆரம்பித்தது. 2015-ல் எம்டிஜி என்ற சுவீடன் ஊடக நிறுவனம் அதை வாங்கியது. 2020-ல் அது இஎஸ்எல் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் சவூதி அரசின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமான சாவி கேம்ஸ் குரூப், இஎஸ்எல்லையும் ஃபேஸிட் நிறுவனத்தையும் சேர்த்து 150 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இந்தியாவில் 2018 டிசம்பரில் மும்பையில் முதல் ட்ரீம்ஹேக்கை நடத்தியதும், பிறகு ஐதராபாத்துக்குக் கொண்டுபோனதும் நாட்வின். பெயர் சுவீடனிலிருந்து வந்தது, வேலை இங்கே நடந்தது. உலக அளவில் உரிமையாளர் மாறியபோதும் இங்கே மேடை போடும் ஆள் மாறவில்லை. நாளைக்கு உரிமம் புதுப்பிக்கப்படாமல் போனால் கதை தலைகீழாகும்: அதே ஆட்கள் அதே அரங்கில் வேறு பெயரில் விழா நடத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகை, தொழிலையே மொத்தமாக எடுத்துக்கொள்வது. எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் மாவட்டம் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஐபோன் ஆலை இருந்தது. 2023-ல் டாடா எலக்ட்ரானிக்ஸ் அதை 12.5 கோடி டாலருக்கு வாங்குவதாக ஒப்பந்தம் ஆனது. தைவான் கம்பெனி இந்தத் தொழிலிலிருந்தே இங்கே விலகிக்கொண்டது. பலகை, நிர்வாகம், வேலை நடைமுறை எல்லாமே புது ஆளுடையது. விழாக்களில் இப்படி நடந்தால்தான் ரசிகருக்கு மாற்றம் உடனே தெரியும். ஏனென்றால் பழைய குழு வெளியே போய்விடும்.

வதந்தி எப்போதும் மூன்றாவது வகை மாதிரிதான் பேசும். நடப்பது பெரும்பாலும் முதல் வகை.

55 கோடிக்கு அப்படி என்ன இருக்கிறது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு ஆலையை விலைக்குக் கேட்டால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். இத்தனை ஏக்கர், இத்தனை சிஎன்சி மெஷின், இத்தனை ஆர்டர் கையில் இருக்கிறது என்று எழுதிவிடலாம். விழா நடத்தும் கம்பெனிக்கு அரங்கு சொந்தமில்லை. ஸ்டால்கள் வாடகைக்கு வந்தவை. திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் வெறும் தரைதான் இருக்கும்.

அப்படியானால் 55 கோடி எதற்கு? பெயருக்கு. அரங்கத்தில் வருஷா வருஷம் பிடித்துவைத்திருக்கும் தேதிகளுக்கு. பதிப்பாளர்கள், கலைஞர்கள், ஸ்பான்சர்களுடனான பழக்கத்துக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வருஷமும் கூட்டம் வரும் என்ற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை என்பது நீங்களும் நானும் காஸ்ப்ளே உடை தைத்து, பஸ் பிடித்து, வரிசையில் நிற்பதுதான். அதனால் ரசிகர்கள் பதறுவதைப் பார்த்து "உங்களுக்கென்ன, வேடிக்கை பார்க்க வர்றவங்கதானே" என்று சிரிப்பது சரியில்லை. விற்கப்படும் பொருளில் பெரும்பங்கு அவர்களுடைய வருகை.

பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. சால்ட் லேக் நகரில் நடந்த விழா ஒன்று "காமிக் கான்" என்ற பெயரைப் பயன்படுத்தியதற்காக சான் டியாகோ அமைப்பு நீதிமன்றம் போனது. 2017-ல் ஜூரி சான் டியாகோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. இத்தனைக்கும் சான் டியாகோ காமிக் கானை நடத்துவது லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. அதற்குப் பங்குதாரர் கிடையாது, அதனால் பங்கு விலை கொடுத்து அதை யாரும் வாங்கிவிட முடியாது. நம்ம சென்னைப் புத்தகக் கண்காட்சியை பபாசி என்ற பதிப்பாளர் சங்கம் நடத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் தேர்தல் வரும், சண்டை வரும். "வித்துட்டாங்களாம்" என்ற வதந்திக்கு மட்டும் இடமில்லை.

வதந்தியை எப்படிச் சரிபார்ப்பது?

கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடிய இடங்கள் நாலு.

ஒன்று, பங்குச் சந்தை அறிவிப்புகள். விழா நடத்தும் கம்பெனிக்கு மேலே எங்காவது சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி இருந்தால், முக்கியமான வாங்கல் விற்பனைகளை செபி விதி 30-ன் படி அது பொதுவில் சொல்லியாக வேண்டும். அந்த அறிவிப்பில் யாரை வாங்குகிறோம், எத்தனை சதவீதம், பணமா பங்கா, என்ன விலை, வாங்கப்படும் கம்பெனியின் கடந்த மூன்று வருஷ வருவாய் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். பெரிய கம்பெனிகளுக்கு இன்னொரு கட்டாயமும் வந்திருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் 2024 ஜூன் முதலும், முதல் 250 கம்பெனிகள் அதே வருஷம் டிசம்பர் முதலும், முக்கிய ஊடகங்களில் வந்த வதந்தியால் பங்கு விலை கணிசமாக ஆடினால் அது உண்மையா பொய்யா என்று சொல்ல வேண்டும்.

இரண்டு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம். 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரைவேட் கம்பெனியில் ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விற்றால் அது உடனே இங்கே தெரியாது. அடுத்த ஆண்டு அறிக்கையில்தான் பங்குதாரர் பட்டியல் மாறியிருக்கும். ஆனால் டைரக்டர் மாறினால் முப்பது நாளுக்குள் படிவம் போட வேண்டும். ஆகவே புது முதலாளியின் முதல் காலடி பெரும்பாலும் டைரக்டர் பட்டியலில்தான் விழும்.

மூன்று, டிரேட்மார்க் பதிவேடு. தேடுவது இலவசம். விழாவின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால், நடத்துபவர் சொந்தக்காரரா, உரிமம் பெற்றவரா என்பது பாதி புரிந்துவிடும்.

நாலு, உங்கள் கையிலேயே இருக்கும் இன்வாய்ஸ். எல்லைப் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜிஎஸ்டி எண் தண்ணி பட்ட பாடு. 33 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா. டிக்கெட் அல்லது ஸ்டால் வாடகைக்கு வந்த இன்வாய்ஸில் இருக்கும் எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்படியான கம்பெனிப் பெயர் வரும். டிக்கெட் விற்கும் ஆப்பின் எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், விழா அமைப்பாளரின் எண்ணைப் பாருங்கள். போன வருஷ எண்ணும் இந்த வருஷ எண்ணும் ஒன்றாக இருந்தால், மேலே பங்கு கைமாறியிருந்தாலும் கீழே நடத்துவது அதே கம்பெனிதான். ஒரே மாநிலத்து விழாவுக்கு எண்ணும் கம்பெனிப் பெயரும் சேர்ந்து மாறியிருந்தால், தொழிலையே வேறு கம்பெனி எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டால் போடும் சின்னக் கலைஞர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. கைமாற்றம் நடக்கும்போது மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பழைய கம்பெனிக்குக் கட்டிய முன்பணம்தான்.

இதில் சமீபத்திய மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025-ல் நசாரா நாட்வினின் மீதான கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்தது. நாட்வின் அதன் துணை நிறுவனம் என்ற நிலை போய், பங்கு வைத்திருக்கும் இணை நிறுவனமாக ஆனது. ரசிகருக்கு இதன் பொருள் என்ன? துணை நிறுவனமாக இருந்தவரை அதன் வாங்கல் விற்பனை பட்டியலிட்ட கம்பெனியின் அறிவிப்பாக வெளியே வந்தது. இனி அந்த அளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. தகவல் குறைகிற இடத்தில் வதந்திக்குத் தீனி கூடும். மேலே சொன்ன மற்ற மூன்று வழிகளும் அதனால்தான் முக்கியம்.

கைமாறிய பிறகு என்ன ஆனது?

சண்டை கேம் போட்டிகளில் பெரியது ஈவோ. 1996-ல் கலிஃபோர்னியாவில் சின்னப் போட்டியாகத் தொடங்கி, பிறகு லாஸ் வேகாஸில் நிலைத்தது. 2021 மார்ச்சில் சோனியும் ஆர்டிஎஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து அதை வாங்கின. "இனி ப்ளேஸ்டேஷன் கேம் மட்டும்தான்" என்று ரசிகர்கள் பயந்தார்கள். எல்லாத் தளங்களுக்கும் இடம் உண்டு என்றது ஈவோ. ஆனாலும் 2022-ல் நிண்டெண்டோ தன் ஸ்மாஷ் பிரதர்ஸ் அங்கே வராது என்று முடிவெடுத்தது. பயம் முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க மெய்யும் இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும் எப்போதும் போல நடந்தன. போட்டி நிறுவனத்தின் கேம் ஒன்று இல்லாமல் போனது. 2025 ஆகஸ்டில் சோனி தன் பங்கை விற்றது. வாங்கியது யார் தெரியுமா? நம்ம நாட்வின்தான். ஒயிட்ஃபீல்டு விழாவின் உரிமையாளர் லாஸ் வேகாஸ் போட்டியிலும் பங்குதாரர் ஆனார்.

"ரசிகரே முதலாளி ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. ஜென் கான் கதையைப் பாருங்கள். 1968-ல் கேரி கைகாக்ஸ் தொடங்கிய மேசை விளையாட்டு விழா அது. அவருடைய டிஎஸ்ஆர் கம்பெனி வழியாக விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், பிறகு ஹாஸ்ப்ரோ என்று கைமாறி, 2002-ல் பீட்டர் அட்கிசன் கைக்கு வந்தது. விசார்ட்ஸைத் தொடங்கிய அவரே ஆடுகளத்து ஆள். ஆனால் 2008 பிப்ரவரியில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அவர்கள் சேர்த்து நடத்திய ஸ்டார் வார்ஸ் விழாவில் வந்த நஷ்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜென் கான் பிழைத்துக்கொண்டது. ஆடுகளத்தை நேசிப்பதும் கணக்கைச் சமாளிப்பதும் இரண்டு தனி வேலைகள் என்று அந்த வருஷம் தெரிந்தது.

கைமாறாமலே மூடப்பட்ட விழாவும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் ஈ3 கண்காட்சியை அமெரிக்க கேம் நிறுவனங்களின் சங்கமே கடைசிவரை வைத்திருந்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் அறிவிப்புகளை இணைய ஒளிபரப்பாகவே செய்ய ஆரம்பித்தன. ஸ்டால் எடுக்க ஆள் குறைந்தது. 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

நம்ம பக்கம் திரும்பினால், காமிக் கான் இந்தியா கைமாறிய அடுத்த மாதமே, 2024 பிப்ரவரியில், சென்னையில் முதல் விழா நடந்தது. "பாத்தீங்களா, புது ஓனர் வந்ததும் சென்னை வந்துடுச்சு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் நந்தம்பாக்கம் அரங்கை நாலு வாரத்தில் பிடித்து இப்படியொரு விழாவைக் கட்ட முடியாது. ஏற்பாடு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நல்லதோ கெட்டதோ, கைமாறிய முதல் வருஷத்தில் நடப்பதைப் புது உரிமையாளர் கணக்கில் எழுதுவது அவசரம். இரண்டாவது, மூன்றாவது வருஷத்து முடிவுகள்தான் அவருடையவை.

அதனால் அடுத்த தடவை "வித்துட்டாங்களாம்" என்று யாராவது சொன்னால், முதலாளி பெயரை விட்டுவிட்டு வேறு நாலு விஷயத்தைக் கவனியுங்கள். பெங்களூர் தேதி வழக்கமான பருவத்தில் இருக்கிறதா? ஒருநாள் டிக்கெட் தொடர்கிறதா, இல்லை எல்லாம் பெரிய பேக்கேஜாக மாறுகிறதா? தனிக் கலைஞர்களுக்கான மேசைகள் கூடுகிறதா குறைகிறதா, வாடகை என்ன? கேமிங் அரங்கில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆட இடம் இருக்கிறதா, இல்லை ஸ்பான்சர் மேடையைப் பார்த்துக் கைதட்ட மட்டும்தான் இடமா? இந்த நாலும் நன்றாக இருந்தால் மேல்தளத்தில் யார் இருந்தாலும் அத்திப்பள்ளி பஸ் ஏறலாம். இந்த நாலும் சுருங்க ஆரம்பித்தால், உரிமையாளர் மாறவே இல்லை என்றாலும் கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.